மருந்துச் சீட்டில் ஆடும் புலியும்

எங்கள் குழுவின் மூத்த நண்பர் ஒருவருக்குச் சென்ற மழைக்காலத்தில் மாரடைப்பு வந்தது. இரண்டு ஸ்டென்ட்டுகளோடு வீடு திரும்பினார். பிழைத்து வந்ததே போதும் என்றிருந்தோம் நாங்கள். அவருக்கு அது போதவில்லை. பத்தாண்டுகளாக நூல்களை விட்டு மதிப்புரைகளை மட்டும் படித்து வந்தவர் (நம்மில் பலரும் அப்படித்தான்), மூன்றாம் வாரமே ரோமன் ரோலண்டு நூலகத்தின் பழைய உறுப்பினர் அட்டையைத் தேடச் சொன்னார். அடுத்த வாரம் திண்ணையில் சாக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் வரைந்து, எங்களை ஒவ்வொருவராக வரவழைத்தார்.

இதற்கு இரு தரப்பிலிருந்து எதிர்வினை வந்தது. முதல் தரப்பு உறவினர்கள். இந்த வயதில் என்ன விளையாட்டு, நெஞ்சு படபடக்காதா என்றார்கள். இவர்களோடு எங்களுக்குப் பெரிய வழக்கில்லை, பயத்தில் பேசுகிறார்கள். கி.ரா.வின் ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ தலையணைக்கு அடியில் இருப்பதைக் கண்டபோது அந்தப் பயம் இன்னும் கூடியது என்பது வேறு விஷயம்.

எங்கள் சண்டை இரண்டாம் தரப்போடுதான். இவர்கள் ஆதரவாளர்கள். ‘படிக்கட்டும், விளையாடட்டும், மூளைக்கு நல்லது’ என்று பரிந்து பேசுகிறவர்கள். கையில் ஓர் ஆய்வும் வைத்திருக்கிறார்கள். 2003-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அது. எழுபத்தைந்து வயதைக் கடந்த 469 பேரை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஆண்டுக்கணக்கில் கவனித்து, வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டோருக்கு மறதிநோய் குறைவாக வந்ததாகச் சொன்னது. நல்ல ஆய்வுதான். ஆனால் அது தொடர்பைக் காட்டியதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. வெளியே தெரியாத நோயின் தொடக்கமே ஈடுபாட்டைக் குறைத்திருக்கலாம் என்ற ஐயத்தை ஆய்வாளர்களே எழுப்பியிருந்தார்கள். இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை நெஞ்சுவலி வந்தவரின் மடியில் கொண்டுவந்து வைப்பதன் பொருள் என்ன? நாவலும் ஆட்டமும் தம்மளவில் நிற்கத் தகுதியற்றவை, ஒரு வைத்தியரின் கையொப்பம் இருந்தால்தான் அனுமதி என்பதுதானே? நாளை வேறோர் ஆய்வு மறுத்துவிட்டால் நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா?

மாத்திரை, உப்புக் குறைப்பு, கடற்கரைச் சாலையில் காலை நடை ஆகியவற்றில் எங்களுக்கு மறுப்பே இல்லை. அவை மருந்து. மருந்து என்றே அழைப்போம்.

ஸ்டீவன்சனை நினைத்துப் பார்க்கலாம். நுரையீரல் நோய்க்காக 1880-இலும் 1881-இலும் சுவிட்சர்லாந்தின் தாவோசுக்குக் குளிர்காலம் கழிக்க அனுப்பப்பட்டவர். மருத்துவர் எழுதித் தந்தது மலைக்காற்று. அவரோ, மனைவியின் மகனான சிறுவன் லாயிடுடன் மேல்மாடத் தரையில் சாக்கட்டியால் நிலப்படம் வரைந்து, ஈயச் சிப்பாய்களைப் பரப்பிப் போர் நடத்தினார். பாதியில் நின்றுபோயிருந்த ‘புதையல் தீவு’ முடிந்ததும் தாவோசில்தான். ஆட்டம் அவரைக் குணப்படுத்தியதா? இல்லை, 1894-இல், நாற்பத்துநான்கு வயதில் இறந்தார். அதனால் அந்த மேல்மாடத்துப் பொழுதுகள் வீண் என்று எந்த வாசகர் சொல்வார்?

ஆடுபுலியை ஆடியவர்களுக்குத் தெரியும், அதில் கருணையே கிடையாது. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகள் ஒவ்வொன்றாகத்தான் இறங்க வேண்டும். எல்லாம் இறங்கும் வரை இறங்கிய ஆடு நகரக் கூடாது. புலியோ முதலிலிருந்தே அலையலாம், தாண்டி வெட்டலாம். ஆட்டுக்காரருக்கு உள்ள ஒரே வழி, வெட்டுக்கு இடம் தராமல் நெருங்கி நின்று புலி அசைய முடியாதபடி அடைப்பது. நாலைந்து ஆடுகளைப் பறிகொடுத்தபின் அது ஏறக்குறைய நடவாத காரியம். நண்பர் பிடிவாதமாக ஆட்டுப் பக்கமே அமர்கிறார். தோற்கிறார். தோற்றபின், அவர் நோயாளி என்பதற்காக எங்களில் ஒருவர் வேண்டுமென்றே வெட்டாமல் விட்ட ஆட்டைக் கண்டுபிடித்து அரைமணி நேரம் திட்டுகிறார். அந்தக் கோபத்தில்தான் எங்களுக்குப் பழைய மனிதர் திரும்பக் கிடைத்தார்.

இந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழர் பகுதியின் திண்ணைகளைப் பாரம்பரியம் என்று படமெடுக்கிறோம். பல்லாங்குழிப் பலகையை வரவேற்பறையில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கிறோம்; குழிகளில் புளியங்கொட்டைக்குப் பதில் தூசி. மூளைக்கு நல்லது என்பவரும் மரபுக்கு நல்லது என்பவரும் எங்களுக்கு ஒரே ஆள்தான். இருவரும் ஆட உட்காருவதில்லை.

நண்பரின் மகள் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்: இரவு ஒன்பதுக்கு மேல் ஆட்டம் இல்லை. நியாயம்தான், ஏற்றுக்கொண்டோம். ஒன்பதுக்குப் பின் அவர் என்ன படிக்கிறார் என்று மட்டும் எங்களிடம் யாரும் கேட்க வேண்டாம்.