மலைமேல் ஒரு கேக்



பங்குத் திருவிழாவையொட்டியும் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டியும் பெண்களுக்கெனப் போட்டிகள் நடத்துவது பல பங்குகளில் வழக்கமாகியுள்ளது. கோலம், பூவேலை, பாட்டு என்றிருந்த வரிசையிலே கேக் அலங்காரமும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. அறிவிப்பு வந்ததும் பெயர் கொடுப்போர் பெரும்பாலும் பழகிய கையினரே. ஒருமுறையேனும் செய்து பார்க்க ஆசையுள்ள புதியவரோ, "நமக்கெதற்கு இந்த வேலை? நாலு பேர் சிரிக்கவா?" என்று ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுங்கி நிற்போரை, சிறப்பாகப் பழனி மலைத்தொடரிலும் கோடைக்கானலிலும் வாழ்வோரை, மனத்திற்கொண்டே இம்மாதம் எழுதுகிறோம்.

கோடைக்கானலுக்குக் கேக் புதியதன்று. 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் அங்கே தங்கள் முதல் இரு வீடுகளைக் கட்டினர். அவர்களோடும் பின்வந்த ஐரோப்பியரோடும் அவர்தம் அடுப்புப் பழக்கங்களும் மலையேறின. எனினும், சமவெளியில் எழுதப்பட்ட செய்முறை மலைமீது அப்படியே பலிப்பதில்லை. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆதலால் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகத் தாமதமாவதைக் கொண்டு இதனை நீங்கள் நன்கறிவீர்கள். கேக்கில் நிகழ்வதோ வேறு. மாவினுள் எழும் வாயு விரைந்து விரிகிறது. மாவு வெந்து இறுகுமுன்னரே கேக் பொங்கியெழுந்து, பின்பு நடுவிலே குழிந்துவிடுகிறது. குழிந்த கேக்கின்மீது எத்துணை அழகாகக் கிரீம் பூசினாலும் அது சமமாக நில்லாது. எனவே அலங்காரம் அடுப்பிலேயே தொடங்குகிறது என்று கொள்ளுங்கள்.

இதற்கு மாற்று எளிது. செய்முறையில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்றிருந்தால், முக்கால் தேக்கரண்டி போடுங்கள். ஒவ்வொரு கிண்ணம் சர்க்கரையிலும் ஒன்று முதல் மூன்று மேசைக்கரண்டி வரை குறையுங்கள். மலைக்காற்றில் ஈரம் விரைந்து ஆவியாவதால், ஒவ்வொரு கிண்ணம் பாலுக்கும் மூன்று நான்கு மேசைக்கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள். அடுப்பின் வெப்பத்தையும் பத்து டிகிரி அளவு உயர்த்துங்கள். போட்டிக்கு முதல்நாளே கேக்கைச் சுட்டு, முற்றிலும் ஆறவிடுங்கள். சூடு சிறிதளவு இருந்தாலும் கிரீம் உருகி வழிந்துவிடும்.

புதியவர்க்கு ஏற்றது வெண்ணெய்க் கிரீமே. உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், சலித்த ஐசிங் சர்க்கரை 500 கிராம், பால் இரண்டு மேசைக்கரண்டி போதும். வெண்ணெயை முதலில் நுரைக்க அடித்து, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் செய்யும் ஐசிங்கைத் தவிர்ப்பது நலம். வேகாத முட்டையால் குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் நோய் வரக்கூடும்.

முதற்பூச்சு மிக மெல்லியதாக இருக்கட்டும். அது உதிரும் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். அரைமணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்து இறுகிய பின்னரே இரண்டாம் பூச்சு. இப்படிச் செய்யாதவர்களின் வெள்ளைக் கேக்கில்தான் பழுப்புத் துகள்கள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன.

கூம்பைப் பிடிக்கக் கை நடுங்குகிறதே என்பீர்கள். மார்கழி விடியலில் கோலமிட்ட கைக்கு இது புதிய வித்தையன்று. இரு விரலிடையே மாவை ஒரே சீராக விடும் நிதானமே இங்கும் வேண்டுவது. முறுக்கு உரலில் நட்சத்திர அச்சிட்டுப் பிழிந்தவர்க்கு நட்சத்திர நாசில் அந்நியமாகத் தோன்றாது. அழுத்துங்கள், அழுத்துவதை நிறுத்துங்கள், அதன்பின் கூம்பைத் தூக்குங்கள். நிறுத்தாமல் தூக்குவதால்தான் பூவின் நுனி வாலாக நீள்கிறது. எவர்சில்வர் தட்டொன்றைக் கவிழ்த்து அதன் முதுகிலே பிழிந்து பழகுங்கள். வழித்தெடுத்து மீண்டும் கூம்பில் இடலாம். ஒரு கிண்ணம் கிரீமில் நூறு பூக்கள் பழகிவிடலாம். வெண்ணெய் விலையை எண்ணி அஞ்சும் குடும்பத்துக்கு இதனினும் சிக்கனமான பள்ளி இல்லை.

எதை வரைவது? கோவிலையும் நட்சத்திர வடிவ ஏரியையும் கேக்கின்மேல் எழுப்ப முயல்வது முதல் ஆண்டுக்கு உரியதன்று. நம் மலையின் குறிஞ்சி இருக்கிறதே! பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை, 2006-இலும் 2018-இலும் மலைச்சரிவை நீலமாக்கிய அச்சிறு மணிப்பூவைச் சிறு நட்சத்திர நாசிலால் ஒரே அழுத்தில் இட்டுவிடலாம். நீலத்தில் சிறிது சிவப்புக் கலந்தால் நிறம் கிட்டும். ஓர் ஓரத்தில் அடர்த்தியாகத் தொடங்கி, மறுபுறம் அருகிச் செல்லுமாறு பூக்களை இட்டு, எஞ்சிய இடத்தை வெறுமையாகவே விடுங்கள். மூன்று நாசில்கள் போதும்: வட்டம், நட்சத்திரம், இலை. எழுத்து எழுத விரும்பினால் சொல் சிறிதாகட்டும். முதலில் அதே அளவில் காகிதத்தில் எழுதி, பல்குத்தும் குச்சியால் கேக்கின்மேல் புள்ளியிட்டுக்கொண்டு, பின் வட்ட நாசிலால் தொடருங்கள். நம் எழுத்துகளின் வளைவுகள் கூம்புக்கு இசைந்தவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தோட்டத்துப் பூக்களைப் பறித்துக் கேக்கின்மேல் செருகும் வழக்கம் பரவி வருகிறது. கோடைக்கானல் வேலியோரங்களில் தொங்கும் எக்காளப்பூ ஊமத்தைக்கு உறவு, கொடிய நஞ்சு. ஓடையோரத்து வெள்ளை ஆரம் லில்லி வாயையும் தொண்டையையும் எரிக்கும், ஹைட்ராஞ்சியாவும் உண்ணத்தகாதது. மருந்தடித்த ரோஜாவும் வேண்டா. சாயத்திலும் கருத்தாயிருங்கள். ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் கலந்திருந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையையே தடைசெய்ததை மறவாதீர்கள். உணவுக்கென அனுமதிக்கப்பட்ட சாயத்தை உறையைப் படித்து வாங்கி, துளியளவே சேருங்கள். அந்தக் கேக்கை உண்ணப்போகிறவர்கள் நம் பிள்ளைகள்.

போட்டி மலையடிவாரத்தில் எனில், கேக் பயணம் செய்தாகவேண்டும். கோடைக்கானலிலிருந்து பழனி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வழியெல்லாம் கொண்டையூசி வளைவுகள். மலைக்குளிரில் கல்லாக நின்ற வெண்ணெய்க் கிரீம், கீழே வெயிலில் 35 டிகிரியை நெருங்குமுன்பே இளகிவிடும். கேக்கையும் பூசிய கிரீமையும் குளிர்வித்துப் பெட்டியில் கொண்டுசென்று, பூக்களைப் போட்டி நடக்கும் இடத்திலேயே இடுவது அறிவுடைமை. சில வெண்ணெய்ப் பூக்களை உபரியாகவும் எடுத்துச் செல்லுங்கள்.

இனி, இல்லத்தார்க்கும் நடுவர்களாக அமர்வோர்க்கும் ஒரு சொல். மகளின் பெயரில் தாய் செய்த கேக்கும், கடையில் சொல்லிவைத்து வாங்கிய கேக்கும் பந்தயமேசைக்கு வருவதுண்டு. அவற்றுக்குப் பரிசு கொடுத்தால், கோணலாயினும் தன் கையால் செய்தவள் அடுத்த ஆண்டு வரமாட்டாள். புதியவர்க்கெனத் தனிப் பிரிவு ஒன்று வையுங்கள். தூய்மை, சீர்மை, சுவை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இவ்வளவு என்று முன்கூட்டியே அறிவியுங்கள். முடிவு சொன்னபின், எங்கே சரியாயிற்று, எங்கே தவறிற்று என்பதை ஒவ்வொருவரிடமும் தனியே, கனிவோடு சொல்லுங்கள். வீட்டிலுள்ள ஆடவரும் பிள்ளைகளும் முதல் முயற்சியைக் கேலிப்பொருளாக்க வேண்டா. ஆண்டு முழுவதும் பிறர் தட்டை நிரப்பியே வந்த ஒரு பெண், தன் கைத்திறனைப் பலர் முன்னே கொண்டுவந்து வைக்கிறாள். அன்று அவள் கேட்கும் சிரிப்பு, கூம்பை நிலையாகக் கீழே வைக்கச் செய்துவிடலாம். அன்று அவள் கேட்கும் பாராட்டால், பின்னாளில் அண்டை வீடுகளுக்குக் கேக் செய்து கொடுத்து, குடும்பச் செலவுக்குக் கைகொடுக்கவும் கூடும்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த அறிவிப்பு வரும்போது பெயர் கொடுங்கள். அதுவரை வாரம் ஒருமுறை, ஒரு தட்டும் ஒரு கிண்ணம் கிரீமுமாகப் பழகி வாருங்கள்.