எரிவாயுவின் வரவும் செலவும்

எப்பொருளுக்கும் வரவு என்றும் செலவு என்றும் இரு பக்கங்கள் உண்டு. இயற்கை எரிவாயுவும் அதற்கு விலக்கன்று. அவ்விரு பக்கங்களையும் இத்திங்கள் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் இல்லங்களுக்குச் சிலிண்டரில் வரும் சமையல் வாயு வேறு. இயற்கை எரிவாயு வேறு. முன்னது புரோப்பேன், பியூட்டேன் எனும் வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி அடைத்தது. பின்னது பெரும்பாலும் மீத்தேன். நிலத்தின் ஆழத்தே பாறைகளின் நுண்துளைகளில் அடைபட்டுக் கிடப்பது.

இதன் நன்மைகள் சிறியன அல்ல. எரிந்தபின் சாம்பல் இல்லை. புகையும் மிகக் குறைவு. நிலக்கரியால் மின்சாரம் ஆக்குங்கால் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியே இதனால் வெளிப்படும். யூரியா உரத்திற்கு மூலப்பொருளாகவும் இது பயன்படுகிறது. ஆயினும், எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவினும் 80 மடங்கு வெப்பத்தைத் தேக்கவல்லது. கசிவு மிகுந்தால் நிலக்கரியினும் மேலானது என்ற பெருமை கரைந்துபோகும்.

இவை ஏட்டில் காணும் கணக்குகள். மக்களின் வாழ்வில் இக்கணக்கு எவ்வாறு தீர்ந்தது என்பதை அறிய, நெதர்லாந்து நாட்டின் வடகிழக்கிலுள்ள க்ரோனிங்கன் மாநிலத்தை நோக்குவோம்.

1959ஆம் ஆண்டு, அங்குள்ள ஸ்லோக்டெரன் என்னும் சிற்றூரருகே, சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில், ஐரோப்பாவின் மாபெரும் எரிவாயு வயல்களுள் ஒன்று கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் இல்லங்கள் பலவும் நிலக்கரி அடுப்பைக் கைவிட்டுக் குழாய் வாயுவுக்கு மாறின. தென்பகுதி நிலக்கரிச் சுரங்கங்கள் 1974 முடிவதற்குள் மூடப்பட்டன. நகரங்களின் காற்று தூய்மையுற்றது. அரசின் கருவூலமும் நிறைந்தது. 36,000 கோடி யூரோவுக்கு மேல் அரசுக்கு வரவாயிற்று என்று பின்னாளில் நாடாளுமன்ற விசாரணைக் குழு கணக்கிட்டது.

ஆனால், வாயு வெளியேற வெளியேறப் பாறையின் உள்ளழுத்தம் குறைந்தது, பாறை இறுகியது, நிலம் தாழ்ந்தது, பிளவுகள் நழுவி நிலம் அதிர்ந்தது. இவ்வாறு நேரக்கூடும் என்று 1980களிலேயே எச்சரித்த புவியியலாளர் மீன்ட் வான் டெர் ஸ்லாய்ஸ் எள்ளி நகையாடப்பட்டார். 2012 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஹெய்சிங்கே ஊரில் 3.6 அளவில் நில அதிர்ச்சி உண்டாயிற்று. எண்ணளவில் சிறிதெனினும், ஆழம் குறைவாதலின் அதன் தாக்கம் பெரிது. அதிர்வுகளால் செங்கல் வீடுகளிலும் பழம்பெரும் கோவில்களிலும் விரிசல்கள் தோன்றின. உற்பத்தியை இயன்ற அளவு விரைவாகக் குறைக்குமாறு 2013 ஜனவரியில் அரசின் சுரங்கக் கண்காணிப்புத் துறை அறிவுறுத்தியது. அவ்வாண்டிலோ, குறைவதற்கு மாறாக, சுமார் 5,400 கோடி கனமீட்டர் வாயு எடுக்கப்பட்டது!

விரிசல் கண்ட வீட்டில் உறங்கும் தாய்க்கும், அவ்வீட்டை விற்கவும் இயலாமல் இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த முதியவருக்கும், கருவூலத்தின் நிறைவு என்ன ஆறுதல் தரும்? க்ரோனிங்கன் மக்களின் நலன் முறையாகப் புறக்கணிக்கப்பட்டது என்று 2023 பிப்ரவரியில் அவ்விசாரணைக் குழு தீர்ப்புரைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது; 2024 ஏப்ரலில் வயலை நிலையாக மூடும் சட்டம் நிறைவேறியது.

இதனின்று நாம் கொள்ளும் படிப்பினை யாது? எரிவாயு தீயது என்பதன்று. நன்மை ஒருவர்க்கும் தீமை வேறொருவர்க்கும் போய்ச் சேருமாயின், இரண்டையும் ஒரே தட்டிலிட்டு நிறுத்து, நன்மையே மிகுதி என்பது நேர்மையாகாது என்பதே.

நம் காவிரிப் படுகையிலும் எரிவாயுக் கிணறுகள் உண்டு. அங்கே வேளாண் மண்டலத்தில் புதிய கிணறுகளைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழக அரசு 2020இல் இயற்றியது. முன்னரே இயங்கியவற்றை அது தடுக்கவில்லை. ஆகவே, எரிவாயுவால் நாட்டுக்கு எவ்வளவு ஆதாயம் என்று கேட்கும்போதெல்லாம், அக்கிணற்றின் அருகே குடியிருப்போர் யாவர், அவர்தம் சொல்லைக் கேட்டவர் யாவர் என்றும் கேட்போமாக. அவர்களுடைய பக்கத்தையும் எழுதி முடித்த பின்னரே கணக்கு நிறைவுபெறும்.