ஒரு மனைக்கு இரண்டு விலையா?

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் போகும்போது விலை ஊரறியக் கூறப்படுகிறது. கேட்ட விலையே கொடுக்கும் விலை. ஆனால் நம் நாட்டில் வீட்டுமனை கைமாறும்போதோ, பல வேளைகளில் விலை இரண்டாகிவிடுகிறது. ஒன்று பத்திரத்துக்கு; மற்றொன்று பைக்கு. முன்னதை வெள்ளை என்கிறோம். பின்னதைக் கறுப்பு என்கிறோம்.

இதைச் செய்வோர் பெருஞ்செல்வர் மட்டும் அல்லர். பணிக்கொடையையும், பிரெஞ்சு ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்ததையும் மனையில் போட்டு வைக்கும் நம்மவருந்தான். பிள்ளைகளுக்கெனச் சேமிப்பதை நாம் குறைகூறவில்லை. பொய்ப் பத்திரத்தின்மேல் சேமிப்பதையே சாடுகிறோம்.

“முத்திரைக் கட்டணம் குறைகிறதே, வாங்குபவருக்கும் இலாபந்தானே?” என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். 40 இலட்சம் கொடுத்து வாங்கிய மனைக்குப் பத்திரத்தில் 25 இலட்சம் என எழுதுகிறோம். மூன்றாண்டு கழித்து அதை 60 இலட்சத்துக்கு, முழு விலையும் எழுதி விற்கிறோம். உண்மை இலாபம் 20 இலட்சம். ஏட்டில் தோன்றும் இலாபமோ 35 இலட்சம். 2024 ஜூலை 23-க்குப் பின் வாங்கி, 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்கும் மனைக்கு மூலதன ஆதாய வரி 12.5 விழுக்காடு. மேல்வரிகளை விட்டுவிட்டாலும், 2.5 இலட்சம் கட்ட வேண்டியவர் ஏறக்குறைய 4.38 இலட்சம் கட்டுகிறார். விற்றவர் மறைத்த இலாபத்துக்கு வாங்கியவர் வரி செலுத்துகிறார்! அதைத் தவிர்க்க அவரும் அடுத்தவரிடம் கறுப்பு கேட்கிறார். இவ்வாறு மனையோடு பொய்யும் கைமாறுகிறது. அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 ஜூன் முதல் சட்டம் தடுத்திருக்கிறது. மீறினால் பெற்ற தொகைக்கு நிகரான தண்டம் உண்டு. அதையும் நாம் பொருட்படுத்துவதில்லை.

இதைவிடக் கொடிய தீங்கு வேறொருவருக்கு நேர்கிறது. வங்கிக் கடனை நம்பி, குடியிருக்க ஓர் இடம் தேடி வரும் ஆசிரியையை, செவிலியரை எண்ணிப் பாருங்கள். கறுப்புக்கு எந்த வங்கியும் கடன் தராது. “பாதி ரொக்கமாக” என்ற ஒரு சொல் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வீடு கட்ட விரும்பியவரை விட்டு, பணத்தை ஒளித்து வைக்க விரும்பியவரிடம் மனை போய்ச் சேர்கிறது. வேலிக்குள் முட்புதர் மண்டிக் கிடக்கிறது.

தனியுடைமையின்மேல் சமூகத்தின் அடமானம் ஒன்று உண்டு என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் எழுதிய சுற்றுமடலில் கற்பித்தார். மனை வாங்குமுன் வில்லங்கச் சான்று பெற்று எல்லா அடமானங்களையும் தேடுகிற நாம், இந்த அடமானத்தை மட்டும் தேடுவதில்லை.

“ஊரே இப்படித்தான்; நாம் மட்டும் என்ன செய்ய?” என்று கேட்போருக்கு ஒரே விடை: முழு விலையையும் எழுதச் சொல்லுங்கள். அதனால் மனை கைநழுவினால் நழுவட்டும். புதுவீடு மந்திரிக்கக் குருவானவரை அழைக்கிறோம். அவர் அறைதோறும் தீர்த்தம் தெளிக்கிறார். அலமாரியில் பூட்டி வைத்த பத்திரத்தை எடுத்து அவர்முன் நீட்ட நம்மால் இயலுமா?