ஒரு காபி டேபிளும் உடைஞ்ச காலும்

நேத்து ராத்திரி நண்பர் ஒருத்தர் ஒரு டேபிள் போட்டோ அனுப்பியிருந்தார். வட்டமான பிளைவுட் பலகை, கீழே மெல்லிசா உலோகக் கால்கள். "ஈம்ஸ் டேபிளாம், 1940கள்ல வந்ததாம் டாக்டர். விலையைக் கேட்டா தலை சுத்துது. அப்படி என்னதான் இருக்கு இதுல?"

ஃபர்னிச்சர் பத்தி எனக்குப் பெருசா தெரியாது. ஆனா இந்த டேபிளோட கதையில பாதி மருத்துவக் கதை. அதனால எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ். அமெரிக்கத் தம்பதி. 1941ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தவங்க, குடியிருந்த வீட்டுக்குள்ளேயே பிளைவுட்டை வளைக்க ஒரு மெஷின் செஞ்சாங்க. அழுத்தம் கொடுக்க சைக்கிள் பம்ப்!

உடம்போட வளைவுக்கு ஏத்த நாற்காலி செய்யணும்னு ஆசை. ஆனா பிளைவுட் ஒரு திசையில சொன்னபடி வளையும். ஒரே இடத்துல ரெண்டு திசையிலும் வளைச்சா விரிசல் விட்டுடும்.

அந்த நேரத்துல போர். ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்த டாக்டர் நண்பர் ஒருத்தர் அவங்ககிட்ட ஒரு குறை சொன்னார். காலுடைஞ்ச வீரர்களுக்குக் கட்டுற உலோக ஸ்பிளின்ட் சரியில்ல. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு நடக்கும்போது வர்ற அதிர்வு, தகடு வழியா உடைஞ்ச காலுக்கே போகுது.

(ஸ்பிளின்ட்னா, உடைஞ்ச எலும்பு அசையாம இருக்க சேர்த்து வச்சுக் கட்டுற மட்டை.)

சார்ல்ஸ் தன்னோட காலையே அச்சு எடுத்தார். தொடையிலிருந்து குதிகால் வரைக்கும் காலோட வடிவத்திலேயே பிளைவுட் ஸ்பிளின்ட் உருவாச்சு. விரிசல் விடாம இருக்க அங்கங்கே துளைகள். அதே துளைகள் வழியாத்தான் பேண்டேஜ் துணியைக் கோத்துக் கட்டினாங்க.

1942ல் அமெரிக்கக் கடற்படை ஆர்டர் கொடுத்தது. போர் முடியறதுக்குள்ள சுமார் 1,50,000 ஸ்பிளின்ட்கள் தயாராச்சு.

அங்கே பழகின கைதான் போருக்கு அப்புறம் நாற்காலி செஞ்சது. 1946ல் இந்த காபி டேபிளையும் செஞ்சது. அவங்க பிளைவுட் நாற்காலியை 1999ல் டைம் பத்திரிகை நூற்றாண்டின் சிறந்த வடிவமைப்புன்னு தேர்ந்தெடுத்தது.

இப்ப என் கருத்து.

டிசைன்னாலே பணக்கார வீட்டு ஹால் சமாச்சாரம்னு நினைக்கிறோம். இந்த டேபிளுக்கு முன்னாடி ஒரு வலி இருந்தது. அதைக் கவனிச்ச ஒரு டாக்டர் இருந்தார். அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட ரெண்டு பேர் இருந்தாங்க. நல்ல பொருள் அப்படித்தான் பிறக்கும்.

ஸ்ட்ரெச்சர் வாங்குறதுக்கு முன்னாடி, அதைத் தினமும் தள்ளுற ஊழியரை யாராவது கேட்கிறோமா? ஊன்றுகோல் வாங்குறதுக்கு முன்னாடி, அதை ஊன்றி நடக்கிறவரைக் கேட்கிறோமா? கேட்கணும். அதுக்குப் பைசா செலவில்ல.

இன்னொண்ணு. கேஷுவாலிட்டியில அடிக்கடி பார்க்கிற காட்சி. விபத்துல காலுடைஞ்ச பையனை பைக்ல நடுவுல உட்கார வச்சு, பின்னாடி ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, கால் தொங்கத் தொங்கக் கூட்டிட்டு வருவாங்க. ஒரு தடவை கூட வந்தவர் சொன்னார்: "அடிபட்டப்போ ரத்தமே வரல டாக்டர். வர்ற வழியிலதான் வந்துச்சு."

உள்ளே உடைஞ்சிருந்த எலும்பு, வழியில தோலைக் கிழிச்சு வெளியே வந்திருந்தது. மூடியிருந்த முறிவு திறந்த முறிவா ஆகிடுச்சு. இனி கிருமித் தொற்று பயம், கூடுதல் ஆபரேஷன், கூடுதல் மாதங்கள். கொண்டு வந்தவங்க மேல தப்பில்ல. பதறிப்போய் ஓடி வந்தவங்க. யாரும் அவங்களுக்குச் சொல்லித் தரல.

அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது ஒரு அட்டைப்பெட்டியும் நாலு துண்டும்தான்.

🔹 முதல்ல 108. கழுத்து, முதுகுல அடின்னு சந்தேகம் இருந்தா ஆளை அசைக்காதீங்க.

🔹 கோணலா இருக்கிற காலை நிமிர்த்தாதீங்க. எண்ணெய், உருவிவிடுறது எதுவும் வேண்டாம்.

🔹 ரத்தம் வந்தா சுத்தமான துணியால அழுத்துங்க. வெளியே தெரியுற எலும்பு மேல அழுத்தாதீங்க, உள்ளே தள்ளவும் கூடாது.

🔹 அட்டையை வாய்க்கால் மாதிரி மடிங்க. தட்டையான அட்டை துவளும், மடிச்சா தாங்கும். உள்ளே துணி வச்சு, முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி கட்டுங்க. முறிஞ்ச இடத்து மேலேயே முடிச்சு வேண்டாம்.

🔹 கொலுசு, மெட்டியைக் கழட்டிடுங்க. விரல் வெளுத்தாலோ, ஜில்லுனு ஆனாலோ, மரத்துப்போனாலோ கட்டைத் தளர்த்துங்க.

🔹 சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீங்க. ஆபரேஷன் தேவைப்படலாம்.

நண்பருக்கு என் பதில்: காசு இருந்தா டேபிளை வாங்குங்க, நல்ல பொருள்தான். வாங்கினாலும் வாங்காட்டியும் உங்க வண்டியில நாலு துண்டும் ஒரு கெட்டி அட்டையும் எப்பவும் இருக்கட்டும்.

பயனுள்ளதா இருந்தா பகிருங்க.