அனுமதி யாருக்கு?

பொது இடத்தில் மாநில அரசின் எழுத்துபூர்வமான அனுமதியின்றி வாகனப் பந்தயம் நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி குற்றம். 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், ஒரு மாதமாக இருந்த சிறைத் தண்டனையை மூன்று மாதமாகவும், 500 ரூபாய் அபராதத்தை 5,000 ரூபாயாகவும் உயர்த்தியது. அதில் தவறில்லை. ஆனால், அந்த அனுமதி யாருக்குக் கிடைக்கிறது என்பதே கேள்வி.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளை அடைத்து ஃபார்முலா 4 பந்தயம் நடத்த தமிழக அரசே முன்னின்றது. 2022 மே மாதம் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் நடந்த ஜீப் பந்தயத்துக்கோ, கேரள மோட்டார் வாகனத் துறையின் நோட்டீஸ்தான் வந்தது. அனுமதி பெறாதது குற்றமே, கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா?

'டிராக் ரேஸ்' எனப்படும் நேர்பாதைப் பந்தயத்துக்குத் தேவை 402 மீட்டர் நேர்ப்பாதையும், வேகம் தணிந்து நிற்பதற்கான இடமும்தான். சொந்த மோட்டார் சைக்கிள் போதும். இடுக்கியின் மலைச்சாலைகளில் அத்தகைய நேர்ப்பாதைக்கு வழியில்லை. பாலக்காட்டுக் கணவாயின் சமவெளி நெடுஞ்சாலையோ இளைஞர்களை வா வா என்றழைக்கிறது. அங்கே லாரியும் வரும், பள்ளிப் பேருந்தும் வரும்.

வாளையாறைத் தாண்டினால் கோவை செட்டிபாளையத்தில் கரி பந்தயப் பாதை இருக்கிறது. அதன் வாடகை, காப்பீடு, ஆம்புலன்ஸ் செலவுகளைச் சாதாரண இளைஞர்களால் தாங்க இயலாது. மாதம் ஒரு நாளாவது அச்செலவைப் பகிர்ந்துகொள்வது குறித்து கேரள, தமிழக விளையாட்டுத் துறைகள் பேசத் தொடங்கலாமே.