கிணற்றுக்குக் காசு உண்டு, சாட்சிக்கு இல்லை

திருகோணமலைக் கிறிஸ்தவர்களுக்குக் கடல் கடந்த உறவு புதிதல்ல. மெதடிஸ்த மிஷனரிமார் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். இயேசு சபைக் குருமார் பிரான்ஸிலிருந்தும், பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்தும் வந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வந்து இறங்கிய நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளுக்குக் கணக்கே இல்லை. இன்றும் வெளிநாட்டுச் சகோதரர் குழு வருகிறது, கிணறு வெட்டப்படுகிறது, தையல் இயந்திரம் கையளிக்கப்படுகிறது, மாலை போட்டுப் படம் எடுக்கப்படுகிறது. கிணறு வேண்டாம் என்று சொல்ல நமக்குப் பைத்தியமில்லை. ஆனால் இதே உறவை, இந்த நகரில் கொல்லப்பட்டவர்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கும் நீதி கேட்கப் பயன்படுத்தத் திருகோணமலைச் சபைகள் ஒன்றுகூடி முன்வராததை இத்தலையங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

2006 ஜனவரி 2 மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த மாணவர்களில் ஐவர் கொல்லப்பட்டனர். தாங்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே செத்தார்கள் என்று முதலில் கதை விடப்பட்டது. சுடரொளிச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வெளிவந்ததும் சூட்டுக் காயங்கள் ஊருக்கெல்லாம் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனைப் பறிகொடுத்த டொக்டர் மனோகரன் வாய்மூட மறுத்தார். கடைசியில் குடும்பத்தோடு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. 2013இல் விசேட அதிரடிப்படையினர் 12 பேர் கைதாகிப் பிணையில் வெளியே வந்தனர். 2019 ஜூலை 3 அன்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அவர்கள் உட்படச் சந்தேகநபர்கள் 13 பேரையும் விடுவித்தது. சாட்சியம் போதாதாம்.

ஏன் போதாமற் போனது? சாட்சிகள் இருந்தார்கள், ஆனால் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். திரும்பி வந்தால் உயிர் மிஞ்சுமா என்ற அச்சம் அவர்களுக்கு. காணொளி வழியாகச் சாட்சியம் சொல்ல வழி இருந்தது என்பார்கள். அதற்கு, எந்த அரசின் படையினரைக் குற்றம் சொல்கிறோமோ அதே அரசின் தூதரகத்துக்குள் தனியே போயிருந்து பேச யாருக்குத் துணிவு வரும்? துணைக்கு ஒரு போதகர், பக்கத்தில் ஒரு சட்டத்தரணி, அந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம். இவ்வளவுதான் தேவைப்பட்டது. லண்டனிலும் டொரொண்டோவிலும் ஞாயிறுதோறும் தமிழில் ஆராதனை நடக்கிறது. நம் கோயில் திருவிழாவுக்கும் கூரை வேலைக்கும் அங்கிருந்துதான் காசு வருகிறது. அந்த மக்களிடம் இதைக் கேட்க நமக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் ஒரு கிணற்றுச் செலவுக்கு மேல் போயிராது.

மூதூரைப் பாருங்கள். 2006 ஓகஸ்ட் 4 அன்று பிரான்ஸின் ஏ.சி.எஃப். தொண்டு நிறுவனத்துப் பணியாளர்கள் 17 பேர் அங்கே கொல்லப்பட்டனர். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். தண்ணீரும் கழிப்பிடமும் கட்டிக்கொடுக்க வந்த நிறுவனம் அது, மதம் பேசும் நிறுவனமல்ல. அது தன் பிள்ளைகளின் கோப்பை மூடவில்லை. ஆண்டுக்கணக்காக ஆதாரம் திரட்டி, 2013இல் அரச படையினரே கொன்றார்கள் என்று பகிரங்கமாக அறிக்கை வெளியிட்டது. வழக்கு இன்றுவரை நகரவில்லை என்றாலும் பதிவு இருக்கிறது. இயேசுவின் பெயரைச் சொல்லாத நிறுவனம் செய்ததை அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் நாம் செய்யவில்லை.

துறைமுகத்துக்குள் இருக்கும் கடற்படைத் தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2008, 2009இல் கொழும்புப் பகுதியில் கடத்தப்பட்ட இளைஞர் பதினொருவர் அங்குள்ள ‘கன் சைட்’ தடுப்பிடத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. 2015 நவம்பரில் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழுவும் அந்த இரகசியச் சிறைக் கூடங்களை நேரில் பார்த்தது. உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஓர்ஸ் ஹில்லில் வாழும் நமக்கு அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஜெனிவாவிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

தெற்குத் திருச்சபைக்கும் ஒரு வார்த்தை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை உள்நாட்டு விசாரணையில் நம்பிக்கை இழந்தார். திருத்தந்தையைச் சந்தித்தார், 2022 மார்ச்சில் ஜெனிவாவில் மனித உரிமைகள் பேரவையின் முன் பேசினார். சரியான செயல். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்ட குழந்தைகளுக்காகவும் அந்தக் குரல் தேவைப்பட்டது. ஆனால் 2012இல் அதே ஜெனிவாவில் தமிழருக்காகத் தீர்மானம் வந்தபோது, அது நாட்டின் இறைமையில் தலையிடுவது என்று எதிர்த்ததும் அவர்தான். அதற்கு முந்திய ஆண்டு மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கச்சேரிப் புள்ளிவிவரங்களையே எடுத்து வைத்து, போரின் இறுதியில் கணக்கில் வராத 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கேட்டிருந்தார். அவர் பக்கத்தில் வடக்குக் கிழக்குக் குருமார் சிலர் நின்றார்கள். தென்னிலங்கை ஆயர்கள் எங்கே நின்றார்கள்? தன் மந்தைக்கு அடி விழுந்தபின்தான் ஜெனிவா தலையீடாகத் தெரியாமல் போகிறது என்றால், அதைத் திருத்தும் கடமை கர்தினால் ஆண்டகைக்கே உரியது.

‘அரசியல் வேண்டாம்’ என்கிறார்கள் நம் போதகர்கள். விசா மறுக்கப்படும், பதிவு பறிபோகும், உயிருக்கும் ஆபத்து என்கிறார்கள். கடைசிக் காரணத்தை நாம் இலேசாக எடுக்கவில்லை. மெதடிஸ்த குருவானவர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் மன்னாரில் கொல்லப்பட்டார். அமெரிக்காவிலிருந்து வந்து மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், அங்கு சமாதானக் குழுவில் நின்று காணாமற் போனவர்களைத் தேடியவர். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில், கூடச் சென்ற தமிழ்ப் பையனோடு அவரே காணாமல் ஆக்கப்பட்டார். அப்போது திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே மறைமாவட்டம். மிஷன் உறவு என்றால் எது என்று கேட்பவர்களுக்கு அவரைக் காட்டலாம். இங்குள்ளவர் பயப்பட நியாயம் உண்டு. அதனால்தான் கடல் கடந்த சபை வேண்டும் என்கிறோம். அங்குள்ளவருக்கு அந்தப் பயம் இல்லை.

இது நடக்காத காரியமல்ல. சிலியில் 1973இல் பினோசே ஆட்சியைப் பிடித்தபோது கத்தோலிக்கரும் லூதரன்மாரும் மெதடிஸ்தரும் யூதரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். உலகத் திருச்சபைகள் மன்றம் காசு அனுப்பியது. அந்தக் காசில் சட்டத்தரணிகளை அமர்த்தினார்கள், கைதானவர் ஒவ்வொருவருக்கும் கோப்புத் திறந்தார்கள். சர்வாதிகாரி 1975இல் குழுவை மூட வைத்தார். கர்தினால் சில்வா என்ரிக்கஸ் மறு ஆண்டே தன் மறைமாவட்டத்தின் பெயரில் அதைத் திறந்தார். ஆட்சி மாறி 1990இல் உண்மை ஆணைக்குழு அமைந்தபோது அந்தக் கோப்புகள் கையில் இருந்தன. நம் கையில் என்ன இருக்கிறது? அடிக்கல் நாட்டிய படங்கள்.

ஆகவே கேட்கிறோம். திருகோணமலை மறைமாவட்டமும் மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளும் சுயாதீன சபைகளும் கூடி ஒரே பணியகம் திறக்க வேண்டும். அதில் சம்பளத்துக்கு ஒரு சட்டத்தரணி இருக்க வேண்டும். ஐந்து மாணவர், 17 பணியாளர், காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்கள் ஆகியோரின் வாக்குமூலங்களைப் பிரதியெடுத்து ஒன்றை இங்கும் ஒன்றைக் கடல் கடந்த சபையிலும் வைக்க வேண்டும். வெளிநாட்டுப் பங்காளியுடன் இனிச் செய்யும் உடன்படிக்கை ஒவ்வொன்றிலும் சாட்சிகளுக்குத் துணை நிற்பது ஒரு நிபந்தனையாக வேண்டும். அதற்கு மறுக்கும் பங்காளியின் கிணறு நமக்கு வேண்டாம். ஆளுநர் செயலகம் இதே ஓர்ஸ் ஹில்லில்தான் இருக்கிறது. ஒளிவிழாவுக்கு அழைப்பிதழ் கொடுக்க வழி தெரிந்த நம் தலைவர்கள் இந்தக் கோப்பையும் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

அடுத்த ஜனவரி 2ஆம் திகதிக்குள் பதில் வேண்டும். எந்தச் சபை இணங்கியது, எது மறுத்தது, எது பதிலே தரவில்லை என்று பெயரோடு இந்தப் பக்கத்திலேயே அச்சிடுவோம்.