எம்பிபிஎஸ் என்றால் மட்டும் இனிக்கிற சிதம்பரம்

"சிதம்பரத்துல என்ன இருக்கு? கோயில் இருக்கு, கத்தரிக்காய் கொத்சு இருக்கு. பொண்ணு படிக்க என்ன இருக்கு?" போன வாரம் ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என் அக்காவிடம் கேட்ட கேள்வி இது. அக்கா மகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. விலங்கியல் சேரப்போகிறாள். "மெட்ராஸ்ல ஏதாவது ஒரு காலேஜ்ல சேத்துவிடும்மா, அப்பத்தான் எக்ஸ்போஷர் வரும்" என்று அறிவுரை வேறு. பந்தியே தலையாட்டியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏதாவது ஒரு காலேஜாம்! யார் பாடம் நடத்துகிறார்கள், ஆய்வுக்கூடம் இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. மெட்ராஸ் என்றால் போதும். அந்த மெட்ராஸ் எது? செங்கல்பட்டைத் தாண்டி வயல் நடுவே நிற்கிற கல்லூரியும் இவர்கள் கணக்கில் மெட்ராஸ்தான். கல்லூரிப் பேருந்தின் ஜன்னல் வழியாகச் சுங்கச்சாவடியைப் பார்த்தபடி மூன்று வருடம் போய்வரும் பிள்ளைக்கு எந்த உலகம் தெரிந்துவிடும்?

இதே பெரியவரின் பேரனுக்கு மருத்துவக் கலந்தாய்வில் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இடம் கிடைத்தபோது தெரு முழுக்க லட்டு கொடுத்தார். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து, 2021-ல் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறிய அதே இடம். அதே ரயில் நிலையம், அதே அண்ணாமலை நகர், அதே கொத்சு. அன்றைக்கு ஊர் சின்னதாக இருக்கவில்லை. பேரன் எம்பிபிஎஸ் படித்தால் சிதம்பரம் புண்ணிய பூமி. பேத்தி முறையுள்ள பெண் விலங்கியல் படித்தால் அது பட்டிக்காடு. அப்படியானால் இவர்களுக்கு ஊர் மேல் குறையில்லை. கலையும் அறிவியலும் படிப்பதே இவர்களுக்குக் கேவலம். அதைச் சொல்லத் துணிவில்லாமல் ஊரைத் திட்டுகிறார்கள்.

சிதம்பரத்தில் என்ன இருக்கிறது? சென்னையில் 1857-லேயே பல்கலைக்கழகம் வந்துவிட்டது. இருந்தும் கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1920-ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியது சிதம்பரத்தில். 1929-ல் அது பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அவர் நிறுவிய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு உ.வே.சாமிநாதையர் முதல்வராக இருந்தார். மயிலாப்பூரில் துறவுப் பயிற்சி பெற்ற, அறிவியல் பட்டதாரியான விபுலானந்த அடிகள் ஈழத்திலிருந்து வந்து 1931-ல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்ததும் இங்கேதான். அவருக்குச் சென்னைக்கு வழி தெரியாமலா? திராவிட இயக்கத் தலைவர்கள் நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே படித்தவர்கள். 1941-ல் தமிழிசை மாநாடு கூடியது அண்ணாமலை நகரில். இதெல்லாம் நடந்த ஊருக்குப் போனால் பிள்ளை கெட்டுப்போகுமாம்!

விலங்கியல் படிக்கிற பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் எது? பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்தை ஒட்டிப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் உயிரியல் மையம் இருக்கிறது. ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் உப்பு ஏற இறங்க எந்த உயிர் வாழ்கிறது, எது ஒதுங்குகிறது என்பதை நேரில் பார்க்கலாம். அந்தப் பக்கமே பிச்சாவரம். சதுப்புநிலக் காட்டில் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வதைச் சேற்றில் இறங்கிப் பார்த்தவளுக்கும், குளிரூட்டிய அறையில் திரையில் படம் பார்த்தவளுக்கும் ஒரே பட்டம்தான்; படிப்பு ஒன்றல்ல.

படிப்பைப் பார்க்காமல் பெயரைப் பார்க்கும் இந்தப் புத்தி பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் மனப்பாடம் செய்ய வைத்த பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்தவர்களும் இவர்கள்தான். வேலை கிடைத்த பத்துப் பேர் முகத்தைக் கல்லூரி பதாகையில் போட்டால் மயங்குகிறார்கள். கிடைக்காத மீதிப் பேர் எங்கே என்று கேட்க மாட்டார்கள். வரலாறு படிக்கிறேன் என்று சொன்ன பையனைப் பார்த்து "ஏன், மார்க் வரலையா?" என்று துக்கம் விசாரிப்பார்கள்.

அரசும் இந்த மனநிலைக்குத் துணைபோகிறது. நிதி நெருக்கடியில் தத்தளித்த பல்கலைக்கழகத்தை 2013-ல் சட்டம் இயற்றித் தன் பொறுப்பில் எடுத்தது சரி. உபரி என்று சொல்லி ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்பியதோடு வேலை முடிந்துவிடுமா? மருத்துவக் கல்லூரிக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது கலை, அறிவியல் துறைகளுக்குக் காட்ட வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை சேரப்போகும் துறைக்கு நேரில் போய்ப் பாருங்கள். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், ஆய்வுக்கூடத்தில் மாணவர் கை படுகிறதா, நூலகம் இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். அதில் சிதம்பரம் தோற்றால் வேறு இடம் தேடுங்கள். எம்பிபிஎஸ் சீட்டுக்கு ஓடிப்போய் நிற்கிற ஊரை, விலங்கியலுக்கும் வரலாற்றுக்கும் போகிற பிள்ளைகள் முன்னால் மட்டம் தட்டாதீர்கள்.